உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மகள் குடும்பம் பிரான்சிலிருந்து வந்திருந்தது. மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு நேஷனாலிட்டி. பேத்திக்குப் பதின்மூன்று வயது, பேரனுக்கு எட்டு. இரண்டு நாள் வெளியே போவதென்று முடிவாயிற்று. ஒரு நாள் தீம் பார்க், மறுநாள் மாமல்லபுரம். ராட்டினம் எத்தனை, சறுக்கு எவ்வளவு உயரம் என்று பேரன் துளைத்துக்கொண்டிருந்தான். பேத்தி கேட்டது வேறு.

“தாத்தா, அங்கே உட்கார்ந்து சாப்பிடற இடம் எது நல்லா இருக்கும்? இப்பவே டேபிள் சொல்லி வைக்கணுமா?”

என் மனைவி சிரித்துவிட்டாள். “எங்க காலத்துல புளியமரத்தடிதாம்மா டேபிள்” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் நீண்ட சரித்திரம் உண்டு. அதை இந்த வயதில் எழுதி வைக்காவிட்டால் பிறகு சொல்ல ஆள் இல்லை.

பேத்திக்கு இந்தப் பழக்கம் பாரீஸ் டிஸ்னிலாண்டில் வந்தது. அங்கே இரண்டு விதமாகச் சாப்பிடலாமாம். தட்டை ஏந்தி வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு இடம் கிடைத்தால் உட்காருவது ஒன்று. முன்கூட்டியே சொல்லிவைத்து, மேசையில் உட்கார்ந்து, சர்வர் வந்து கேட்டுப் பரிமாறுவது இன்னொன்று. இரண்டாவதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே சொல்ல வேண்டுமாம். ஒரு நாள் பூராவும் சாப்பாட்டு நேரத்தைச் சுற்றித்தான் திட்டம் என்று மகள் சொன்னாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாரீசுக்குக் கிழக்கே மார்ன்-லா-வல்லேயில் அந்தப் பூங்கா 1992 ஏப்ரல் 12-ஆம் தேதி திறந்தது. அப்போது அதற்கு யூரோ டிஸ்னி என்று பெயர். அமெரிக்கர்கள் நினைத்த நேரத்தில் வாங்கி, நடந்துகொண்டே தின்பவர்கள். அந்தக் கணக்கை வைத்துப் போஜன சாலைகளைக் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்களோ பன்னிரண்டரை மணி அடித்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் உட்கார இடம் தேடினார்கள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஐரோப்பியர்கள் காலையில் சரியாகச் சாப்பிட மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிச் சிறிய அறைகளாகக் கட்டிவிட்டதால் காலைச் சாப்பாட்டுக்கும் இதே திண்டாட்டம். பூங்காவுக்குள் ஒயின் கிடையாது என்று வேறு வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரரைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து ஒயின் இல்லை என்றால் என்ன ஆகும்? அடுத்த வருஷமே, 1993-ல், அந்த விதியை மாற்றிக்கொண்டார்கள்.

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியம். மத்தியானம் பள்ளிக்கூடம் ஊரோடு சேர்ந்து மூடிவிடும். கடைத்தெருவில் கதவு சாத்திவிடுவார்கள். சாப்பாட்டுக்கு உட்காருவது ஒரு காரியம், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஊரில் வெள்ளைக்காரர் விட்டுப்போன பழக்கங்களில் ஒன்று.

இந்தப் பக்கம் கதை வேறு. எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து குடும்பத்தோடு வெளியே போவதென்றால், செங்கல்பட்டு போய், பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம். அப்போது யாரும் மாமல்லபுரம் என்று சொல்ல மாட்டார்கள். முதல் நாள் இரவே புளிக்காய்ச்சல் மணக்கும். விடியற்காலையில் சாதத்தை ஆறவைத்து, நல்லெண்ணெய் விட்டுக் கிளறி, வாழையிலையைத் தணலில் வாட்டிக் கட்டி, தூக்குவாளியில் தயிர்சாதம், மண்கூஜாவில் தண்ணீர். திருக்கழுக்குன்றத்தில் மலை ஏறி, உச்சிவேளையில் கழுகுகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்பதைப் பார்ப்போம். சொன்ன நேரத்துக்கு வந்து, உட்கார்ந்து, ஒருவர் பரிமாறச் சாப்பிட்டுவிட்டுப் போனவை அந்த வட்டாரத்தில் அந்த இரண்டு பறவைகள்தான் என்று என் அக்கா சொல்லுவாள். அவையும் தொண்ணூறுகளில் வருவதை நிறுத்திவிட்டன. நாங்கள் கீழே இறங்கி, சங்கு தீர்த்தக் குளத்தங்கரையிலோ, மகாபலிபுரம் சவுக்குத் தோப்பிலோ கட்டுச்சோற்றைப் பிரிப்போம்.

இதைச் சிக்கனம் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். சிக்கனமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வெளிச்சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது என்ற பயமும் உண்டு. ஆனால் பல குடும்பங்களுக்கு மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது. எந்த இடத்தில் நம்மை உட்காரவிடுவார்கள், எந்த இடத்தில் விடமாட்டார்கள் என்று தெரியாது. கட்டுச்சோறு கையில் இருந்தால் யாரிடமும் கேட்க வேண்டாம்.

காப்பி கிளப்புகள் தமிழ்நாட்டில் பெருகிய காலத்தில் வாசலில் ‘பிராமணாள்’ என்று போர்டு தொங்கும். உள்ளே பிராமணருக்கு ஒரு பகுதி, ‘இதராள்’ என்று மற்றவர்களுக்கு ஒரு பகுதி. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறையிலும் இதே பாகுபாடு. பெரியாரும் மற்றவர்களும் வெகுகாலம் போராடிய பிறகு 1941-ல்தான் ரயில்வேயில் அது ஒழிந்தது. அதற்கு முன்பே, 1920-களின் நடுவில், சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற விஷயம் மாகாணத்தையே கலக்கியிருக்கிறது. அந்தக் குருகுலத்தை நடத்திய வ.வே.சு. ஐயர் பத்து வருஷம் எங்கள் புதுச்சேரியில் இருந்தவர். துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்த தீரர். பந்தியில் வந்து மாட்டிக்கொண்டார். 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். கடைசியில் அந்தச் சொல் போயிற்று.

இதையெல்லாம் படித்தவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் அவ்வளவாக எழுதுவதில்லை. ‘இதராள்’ பகுதியிலும் உட்கார முடியாதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு உள்ளே பகுதியே கிடையாது. வாசலுக்குப் பக்கத்தில் கீற்றுத் தாழ்வாரம், அதன் மூங்கிலில் தனியாகச் சொருகிவைத்த தகரக் குவளை அல்லது கொட்டாங்கச்சி. குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும்.

நான் அதில் வந்தவன். அம்மாவின் ஊர் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துச் சேரி. அப்பா புதுச்சேரியில் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். அதனால்தான் எனக்குப் பிரெஞ்சுப் படிப்பு. 1962-ல் நேஷனாலிட்டி எழுதிக்கொடுக்கச் சொன்னபோது அப்பா எழுதிக்கொடுக்கவில்லை, அம்மாவின் நிலம் இந்தப் பக்கம் இருக்கிறதே என்று. நான் இந்தியனாகவே இருந்து, சர்வீஸ் கமிஷன் எழுதி, செங்கல்பட்டில் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றேன். விஷயத்துக்கு இவ்வளவு போதும்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒரு நாள் ‘ரெஸ்தொரான்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். ‘ரெஸ்தொரே’ என்றால் தேற்றுவது, பழையபடி பலம் வரச் செய்வது. முதலில் அது கடையின் பெயரே இல்லை. இறைச்சியைக் கொதிக்கவைத்து இறக்கிய ஒரு ரசத்தின் பெயர். நோயாளிக்குக் கொடுக்கிற கஞ்சி மாதிரி. 1760-களில் பாரீசில் அந்த ரசத்தை விற்கத் தனிக்கடைகள் வந்தன. பிறகு அந்தக் கடைக்கே ரசத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னால் பாரீசிலும் வெளியூர்க்காரன் சாப்பிடுவதற்கு ‘தாப்ள் தோத்’தான். வீட்டுக்காரர் ஒரே நீள மேசையில், ஒரே நேரத்தில், தாம் சமைத்ததை எல்லாருக்கும் வைப்பார். பிந்தி வந்தவனுக்குக் குழம்பு இருக்காது. நம்மூர் மெஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுக்கடையில் மூன்று காரியம் புதிது. உனக்கென்று ஒரு தனி மேசை. விலையோடு எழுதின பட்டியல், அதில் நீ கேட்டது உனக்கு. நீ வந்த நேரமே சாப்பாட்டு நேரம். கல்லாவில் காசு வைத்தால் யாரும் உட்காரலாம் என்பது அதில் அடக்கம். 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வந்த பிறகு இந்தக் கடைகள் ஏராளமாகப் பெருகின.

எங்களுக்கு அன்றைக்கு அது ஒரு வார்த்தைப் பாடம், அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, உத்தியோகத்துக்கு வந்து இலாகாப் பரீட்சைக்குப் படிக்கும்போது அந்தச் சொல்லை மறுபடி பார்த்தேன், எதிர்பாராத இடத்தில். இந்திய அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, இரண்டாவது உட்பிரிவு. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பவற்றைக் காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாத இடங்கள் என்று ஒரு வரிசை. கடைகள், பொது ரெஸ்டாரண்டுகள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள். இந்த நாலும் ஒரே வரியில். கிணறு, குளம், படித்துறை, சாலை எல்லாம் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன.

இன்றைக்குத் தீம் பார்க்கும் அதற்குள் இருக்கிற ரெஸ்டாரண்டும் அந்த ஒரே வரிக்குள் அடங்கிவிடும். டேபிள் சொல்லி வைக்கலாமா என்று என் பேத்தி கேட்கிற கேள்வி அந்த வரியின் மேல்தான் நிற்கிறது. அவளுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை.

1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. அதன் 4-ஆவது பிரிவில் ரெஸ்டாரண்டுக்குள் நுழைவதைத் தடுப்பது ஒரு குற்றம். அங்கே பொதுமக்களுக்கென்று வைத்திருக்கிற பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது தனியாக இன்னொரு குற்றம். தம்ளரைப் பற்றி ஒரு சட்டம் பேச வேண்டியிருந்தது என்பதைப் பாருங்கள். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றம் ருசுவானால் கடை லைசென்சை ரத்துச் செய்யவும் வழி இருக்கிறது. 1976-ல் அதைத் திருத்தி, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். சட்டம் வந்ததும் குவளை போய்விட்டதென்று எழுதினால் நான் பொய் சொன்னவனாவேன். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை வெகுகாலம் இருந்தது.

இப்போது 1996-க்கு வருகிறேன். அதற்குள் இந்தக் கடற்கரை வெகுவாக மாறிவிட்டது. 1976-ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வந்தது. எண்பதுகளில் பிள்ளைகளுக்கு வி.ஜி.பி. கோல்டன் பீச்தான் சொர்க்கம். வாசலில் அசையாமல் நிற்கிற அந்தச் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க முடியுமா என்று பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும். 1995-ல் தாம்பரம் பக்கத்தில் மலையாளப் பட அதிபர் நவோதயா அப்பச்சன் கிஷ்கிந்தாவைத் திறந்தார். முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். வந்தது. ராட்டினம் பார்க்கத் திருவிழா வரும்வரை காத்திருந்த ஜனங்களுக்கு வருஷம் பூராவும் ராட்டினம். இப்போது 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லாவும் திறந்துவிட்டது.

எங்கள் ஆபீஸ் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டு ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். எந்தப் பார்க் என்பது வேண்டாம். அம்மாவுக்கு அப்போது எழுபது வயது. அக்காவும் வந்திருந்தாள். அம்மா வழக்கம்போல முதல் நாளே புளிக்காய்ச்சல் செய்து, ஒரு பெரிய எவர்சில்வர் அடுக்கு நிறைய சாதம் கிளறிக் கொண்டுவந்தாள்.

வாசலில் பையைச் சோதித்தார்கள். வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது. இந்த விதி இப்போது எல்லா இடத்திலும் சகஜம். அன்றைக்கு எங்களுக்குப் புதிது. அடுக்கை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பகல் ஒரு மணிக்கு எல்லாருக்கும் பசி. என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. ஏ/சி ஹாலில்தான் சாப்பிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வெளியே வரிசையில் நின்று தட்டு வாங்குகிற இடமும் ஒன்று இருந்தது. ஏ/சி ஹாலில் எல்லாம் ஒன்றரைப் பங்கு விலை. விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆறாவது ஊதியக் குழுவெல்லாம் வராத காலம். போகட்டும், வருஷத்தில் ஒரு நாள் என்று தலையாட்டினேன்.

அம்மா வாசப்படியில் நின்றுவிட்டாள். “நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க. நான் இப்படி நிழல்ல இருக்கேன்.” பசிக்கவில்லையா என்றேன். “எனக்கு அந்தப் புளிச்சோறு போதும்டா, சாயங்காலம் வெளியே போய்த் தின்னுக்கறேன்.” மடியா, ஆசாரமா, எங்களுக்கு ஏது அதெல்லாம்? நான் பிடிவாதம் என்று நினைத்தேன். காசு பார்க்கிறாள் என்று நினைத்தேன். நாலு பேர் எதிரில் கோபமாகவே பேசிவிட்டேன். ‘பட்டிக்காடு மாதிரி பண்ணாதே’ என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா பதில் சொல்லவில்லை. சவுக்கு மரத்தடியில் சிமெண்டுப் பெஞ்சு இருந்தது. அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் தரையில் முந்தானையை விரித்து உட்கார்ந்தாள். நாங்கள் உள்ளே போய்ச் சாப்பிட்டோம். என்ன சாப்பிட்டோம் என்று நினைவில்லை.

அன்று இரவு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவனே நான்தான், ஏனென்றால் அந்தக் கதையில் நானும் இருக்கிறேன்.

1953. எனக்கு மூன்று வயது, அக்காவுக்கு எட்டு. அப்பா சைகோனில், இந்தோசீனா யுத்தத்தில். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரியிலிருந்து கிளம்பினாள். எல்லையில் பிரெஞ்சு சுங்கம், இந்திய சுங்கம் இரண்டையும் தாண்டி, ரயில் மாறி வர வேண்டும். வழியில் ஓர் ஊரில் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்குக் காய்ச்சல். அம்மா ஒரு காப்பி கிளப்பில் போய், குழந்தைக்குக் கொஞ்சம் சூடாகப் பால் கேட்டாள். தோளில் நான் துவண்டு கிடந்ததால், திண்ணைக்கு உள்பக்கம் போட்டிருந்த பெஞ்சில் என்னைக் கிடத்திவிட்டு, ஓரத்தில் தானும் உட்கார்ந்தாள். புதுச்சேரி நூல் புடவை, காலில் செருப்பு. கேட்டவுடன் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாலும் வந்துவிட்டது.

உள்ளே அம்மாவின் ஊர்க்காரர் ஒருவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னாருடைய மகள் என்று கல்லாவில் இருந்தவரிடம் சொல்லிவிட்டார். கல்லாக்காரர் சத்தம் போடவில்லையாம். கையை மட்டும் வெளித் தாழ்வாரத்துப் பக்கம் காட்டினாராம். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஒரு பையன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பெஞ்சின் மேல் ஊற்றினான். பால் தம்ளர் அம்மாவின் கையிலேயே இருந்தது. அதைப் புகட்டாமல் தரையில் கொட்டி, குழாயடியில் தம்ளரைக் கழுவி, கவிழ்த்துவைத்துவிட்டு வந்தாள். காலணாவோ அரையணாவோ, அதையும் கீழே வைத்தாள் என்றாள் அக்கா. பெஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டின சத்தம்தான் அக்காவுக்கு நன்றாக ஞாபகம். அரசியல் சட்டம் அமலுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அதே வருஷம் சைகோனிலிருந்து அப்பாவின் கடிதத்தோடு ஒரு போட்டோ வந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் கடைசிவரை மாட்டியிருந்த போட்டோ. தெருவோரக் காப்பிக் கடையில் அப்பா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வட்ட மேசை, பீங்கான் கோப்பை, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய். பின்னால் வெள்ளைச் சட்டையில் சர்வர் நிற்கிறார். அந்த நாட்டுக்காரர் அங்கே எப்படி நடத்தப்பட்டார் என்பது வேறு கதை, அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் சிறுவயதில் அம்மா அந்தப் படத்தை எங்களுக்குக் காட்டும்போதெல்லாம் அப்பாவின் துப்பாக்கியைப் பற்றியோ மெடலைப் பற்றியோ சொன்னதில்லை. “நாற்காலியில உட்கார்ந்திருக்கார் பாரு” என்பாள். குழந்தைக்கு அப்பாவை அடையாளம் காட்டுகிறாள் என்றுதான் நாற்பது வருஷம் நினைத்திருந்தேன்.

பெண்கள் ஓட்டலில் உட்காருவதே ஒரு தனிக்கதை. அறுபது, எழுபதுகளில் நல்ல ஓட்டல்களில் ‘ஃபேமிலி ரூம்’ என்று இருக்கும். பலகைத் தடுப்பு, அரைக்கதவு, அழுக்குத் திரை. புருஷனோடு போகிற பெண்ணைக் கூட அதற்குள்தான் அனுப்புவார்கள். மின்விசிறி இருக்காது. சர்வர் வந்தால் உண்டு, வராவிட்டால் திரைக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பிட வேண்டும். என் மனைவி கல்யாணமான புதிதில் அதற்குள் ரவா தோசை சாப்பிட்டதை இன்னும் சந்தோஷமாகத்தான் சொல்கிறாள். அந்தத் திரைகள் எப்போது மறைந்தன என்று யாரும் தேதி குறித்து வைக்கவில்லை. மெஷின் காப்பியும் கண்ணாடிச் சுவரும் வந்தபோது கூடவே போயிருக்க வேண்டும்.

அம்மா ஒரே ஒரு முறை உட்கார்ந்தாள். 1999-ல் மாமல்லபுரத்தில். அர்ச்சுனன் தபசு பார்த்துவிட்டு வரும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. வெயில். கைக்கெட்டிய நாற்காலி ஒரு ஓட்டலுக்குள்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, 1996-க்குப் பிறகு அந்த விஷயத்தில் நான் வாயே திறப்பதில்லை. அக்காதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். காப்பி வந்தது, டவரா தம்ளரில். ஆற்றி, மெதுவாகக் குடித்தாள். காப்பி நன்றாக இருக்கிறது, சர்க்கரைதான் தூக்கல் என்றாள்.

குடித்து முடித்து எழுந்தவள் டவராவையும் தம்ளரையும் கையில் எடுத்துக்கொண்டு குழாயைத் தேடினாள். இருபது வயதுப் பையன் ஒருவன் மேசை துடைத்துக்கொண்டிருந்தான். “பாட்டி, அதை ஏன் தூக்கறீங்க? வெச்சிடுங்க.”

“கழுவி வெச்சுட்டுப் போறேன்பா.”

“அதுக்கு ஆள் இருக்காங்க பாட்டி” என்று சிரித்துக்கொண்டே கையிலிருந்து வாங்கிக்கொண்டான். என் மகளும் சிரித்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். அம்மா வெறுங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். 2003-ல் போய்ச் சேர்ந்தாள்.

இனி பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். ஓட்டல் தேர்ந்தெடுக்கிற விஷயத்தில் எழுபதைத் தாண்டியவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். பெயரைப் பார்க்காதீர்கள், நாற்காலியைப் பாருங்கள். முதுகு சாய்கிற நாற்காலியா, முக்காலியா? கழிப்பறை அதே தளத்தில் இருக்கிறதா? பன்னிரண்டே காலுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு மணி ஆனால் தீம் பார்க் ஆனாலும் சரி, மகாபலிபுரம் ஆனாலும் சரி, சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு இலையை எண்ணுவார்கள். பஃபே வேண்டாம், நம்மால் அவ்வளவு தின்ன முடியாது, தட்டோடு நடக்கவும் முடியாது. அளவுச் சாப்பாடு உத்தமம். புளியோதரையைக் கொண்டுபோனால் வாசலுக்கு வெளியே காலை பத்து மணிக்கே முடித்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம், பேரன் இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றான்.

தீம் பார்க் அன்றைக்கு எல்லாம் சரியாக நடந்தது, எழுத ஒன்றுமில்லை. மறுநாள் மாமல்லபுரம் போகும் வழியில், காரில், பேத்தியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. அவளுக்குத் தமிழில் ‘தீண்டாமை’ என்ற சொல் தெரியவில்லை. அதை விளக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கேட்டுக்கொண்டே வந்தவள், அந்த கிளப் இன்னும் இருக்கிறதா என்றாள். இல்லை, அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை என்றேன். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் என்னைக் கண்ணால் கடிந்துகொண்டாள், விடுமுறைக்கு வந்த பிள்ளைக்கு இது எதற்கு என்பது போல.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது பேத்தி போனை எடுத்தாள். கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலுக்குப் பேசி, ஏழு பேருக்கு டேபிள் வேண்டும் என்று தன் மழலைத் தமிழில் சொன்னாள்.

“நாம ஆறு பேர்தானேம்மா” என்றேன்.

“டிரைவர் அண்ணாவோட ஏழு, தாத்தா.”

பெரிய சாலை ஓட்டல்களில் டிரைவர்களுக்குப் பின்பக்கம் தனி அறை வைத்து இலவசமாகச் சாப்பாடு போடுவார்கள். முப்பது வருஷமாக எத்தனையோ வாடகைக் காரில் போயிருக்கிறேன். நூறு ரூபாயைக் கையில் கொடுத்து, சாப்பிட்டுட்டு வந்துடுங்க தம்பி என்று சொல்லிவிட்டு நாங்கள் முன்பக்கமாக உள்ளே போவோம். அதில் ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டிரைவர் தம்பி முதலில் வேண்டாம் என்றார். வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மாப்பிள்ளை விடவில்லை. கடைசியில் வந்து பேரனுக்குப் பக்கத்தில், மேசையின் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டியலை நான்தான் அவர் பக்கம் நகர்த்தினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு மீன் சாப்பாடு சொன்னார்.